பாய்க்கு வெளியே

ஒரு குற்றமும் செய்யாத பெண்ணின் பெயரைச் சபையில் வாசித்து, அவளைப் பாய்க்கு வெளியே உட்கார வைத்தவன் நான். அவள் குற்றமற்றவள் என்பது ஒரு மாதத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்காமல் இன்னும் ஒரு வருடம் அங்கேயே உபதேசியாராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். முப்பது வருடம் கழித்து அவளைத் தேடிப்போன பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். காரணத்தை முதலிலேயே சொல்லாவிட்டால், அறுபது தாண்டிய ஒருவன் குளிர் மலையில் ஏன் போய் அலைந்தான் என்பது வாசிப்பவர்களுக்கு விளங்காது.

எங்கள் ஊரிலிருந்து கடலைக் கடந்தால், பதுளைக்கு அப்பால், மடுல்சீமை மலையில், ஒற்றைப்பாறைத் தோட்டம் என்று தொழிலாளர்கள் அழைக்கும் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள். தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு. தரையில் நீளமான பன்பாய்களை விரித்து உட்காருவோம். ஒழுங்கு தவறியவர்கள் பாயில் உட்காரக்கூடாது, வாசலோரம் வெறுந்தரையில் உட்கார வேண்டும், மனந்திரும்பினேன் என்று அறிக்கை செய்யும்வரை அவர்களுக்கு நற்கருணை கிடையாது என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை வகுத்தவனும் நான்தான்.

அந்த வருடம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அம்மை கண்டது. ராகேல் என்ற பெண் தொடர்ந்து நான்கு ஞாயிறு ஜெபவீட்டுக்கு வரவில்லை. ஒருநாள் பகலில் லயத்து வழியாகப் போனபோது அவளைக் கண்டேன். இடுப்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர்க் குடம். கையில், கீழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த காய்ந்த வேப்பங்கொத்து. தன் வீட்டுக்குள் போகாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். அது செல்லாயி என்பவளின் வீடு. மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிற வீடு.

எனக்கு அது போதுமாக இருந்தது. யாரையும் விசாரிக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அடுத்த ஞாயிறு சபைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே "விலக்கம். காரணம்: விக்கிரக ஆராதனை" என்று அழகான கையெழுத்தில் எழுதி, உரக்க வாசித்தேன். அதற்கடுத்த ஞாயிறு அவள் வந்தாள். விஷயம் சொல்லப்பட்டது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாசலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நடந்தது இதுதான். செல்லாயிக்கும் அவள் கைக்குழந்தைக்கும் அம்மை போட்டிருந்தது. அம்மை கண்டவர்களை ஆற்றுக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவது தோட்டத்து வழக்கம். அங்கே போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று லயத்தில் எல்லோரும் நடுங்குவார்கள். அதனால் செல்லாயியின் வீட்டார் வெளியே சொல்லவில்லை. ராகேலுக்கு ஏற்கெனவே அம்மை போட்டு எழுந்த உடம்பு. அவள் அந்த வீட்டுக்குள் போய் இருவரையும் துடைத்து, கஞ்சி ஊற்றி, அவர்கள் முறைப்படி வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீரும் வார்த்திருக்கிறாள். மற்றவர்களுக்குத் தொற்றக்கூடாது என்றுதான் ஜெபவீட்டுப் பக்கம் வராமல் இருந்திருக்கிறாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். செல்லாயி கொட்டகைக்குப் போயிருப்பாள்.

இதை எனக்குச் சொன்னது செல்லாயியின் புருஷன் வேலன். "உங்க ராக்காயி இல்லாட்டி எங்க வீட்டுல விளக்கேத்த ஆளு மிஞ்சியிருக்காதுங்க சாமி. அதப் போயி வெளிய ஒக்கார வச்சிருக்கீங்களே" என்றான். லயத்தில் ராகேலை எல்லோரும் ராக்காயி என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. என் கண்டிப்பை அதற்குள் மேலிடத்தில் புகழ்ந்துவிட்டார்கள். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை எனக்கு வரும் என்ற பேச்சும் இருந்தது. வந்தது.

சென்ற வருடம் என் மனைவி படுத்த படுக்கையாகி இறந்தாள். கடைசி மூன்று மாதம் அவளுக்குத் தலைவாரி, படுக்கை மாற்றி, வாயில் கஞ்சி ஊட்டியது பக்கத்து வீட்டு இந்துப் பெண். தினமும் காலையில் தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வருவாள். திருநீற்று நெற்றியோடு அவள் என் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து, என் மனைவி கேட்டுக்கொண்டபடி, தெரிந்த அளவில் சங்கீதங்களை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவளை யாரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மஞ்சள் தண்ணீர்க் குடம் நினைவுக்கு வந்தது.

பதுளையிலிருந்த போதகருக்குக் கடிதம் எழுதினேன். ராகேல் உயிரோடிருக்கிறாள், இன்னும் வாசலோரந்தான் உட்காருகிறாள் என்று பதில் வந்தது. அந்த வரியை வாசித்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை அப்புத்தளை. கடலைக் கடந்து, ரயிலில் ஓர் இரவைக் கழித்து, அங்கே வந்தபோது மலை முழுவதும் மூடுபனி. எங்கள் பக்கம் பனைமரமும் செம்மண்ணும்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை எதுவும் மறையாது. இங்கே பிளாட்பாரத்தின் அடுத்த முனை தெரியவில்லை. ரயில் பெட்டியில் என் எதிரே ஒரு சிங்களத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். "இந்தப் பெரியவர் இந்தச் சட்டையோடு பதுளை போய்ச் சேர்ந்தால் அதிசயம்" என்று அந்த அம்மாள் தன் புருஷனிடம் சிங்களத்தில் சொன்னாள். எனக்கு மறந்துபோன சிங்களத்தில் அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

சூடாக ஏதாவது குடிக்கலாமென்று இறங்கி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சிறு கடைக்குப் போனேன். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதியது. ஓட முடியவில்லை. மூடுபனிக்குள் சத்தம் மட்டும் போயிற்று. என் தகரப்பெட்டியும் போயிற்று. அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த வெள்ளைக் கோட்டும் வேதாகமமும் இருந்தன.

கடைக்காரர் தொப்பியணிந்த முஸ்லிம் பெரியவர். என் நிலைமையைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஸ்டேஷனுக்கு வாறவங்க பாதிப்பேர் இப்பிடித்தான். என்ட தேத்தண்ணி அப்பிடி. பெட்டி எங்கேயும் போவாது, பதுளைக்கு அங்கால ரயில் இல்லியே" என்றார். ஸ்டேஷனுக்குள் போய், பதுளைக்குத் தந்தி அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். நான் நடுங்குவதைக் கண்டு உள்ளே குரல் கொடுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வளைக்கை கனமான கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றை நீட்டியது.

"இதப் போட்டுக்கிட்டுப் போங்க. திரும்பி வரக்குள்ள தாங்க."

"நான் வராமல் போனால்?"

"வராட்டி நீங்க குளிர்ல மௌத்தாப் போகல்லன்னு சந்தோசப்பட்டுக்கிறேன்."

அடுத்த ரயில் மதியத்துக்கு மேல்தான். அதுவரை அவருடைய அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பமும் கித்துள் மரத்துக் கருப்பட்டியும் சாப்பிட்டேன். எங்கள் பனங்கருப்பட்டியில் மண்வாசம் இருக்கும். இதில் புகை வாசம்.

பதுளை நான் பார்த்த பதுளை இல்லை. அப்போது பண்டாரவளையோடு ரயில் நின்றுவிடும். அங்கிருந்து நடக்க வேண்டும். இப்போது ஸ்டேஷனும், விளக்குகளும், கடைவீதியில் நெருக்கமும். பெட்டி பத்திரமாக இருந்தது. போதகர் வீட்டில் தங்கினேன். என்னைவிட இருபது வயது இளையவர், நிதானமானவர். வரும் ஞாயிறு அவர் ஒற்றைப்பாறைக்குப் போய் நற்கருணை கொடுக்கிற முறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அது வரும். அதைக் கணக்கிட்டுத்தான் நான் புறப்பட்டிருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"எனக்கு முன்னிருந்தவர்களும் நானும் அந்தம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. விக்கிரக ஆராதனை செய்தேன், மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்று. 'செய்யாததச் செஞ்சேன்னு சொல்லிட்டு ஆண்டவரோட பந்தியில கைய நீட்ட மாட்டேன்' என்கிறாள். என்னதான் நடந்தது என்று கேட்டால் பேசமாட்டாள். முப்பது வருடம் அப்படியே போய்விட்டது" என்றார். "நீங்கள் முதலில் அவளைப் போய்ப் பாருங்கள். அவள் சம்மதமில்லாமல் அவள் பெயரை ஒருமுறை வாசித்தாயிற்று. இரண்டாம் முறையும் அப்படி வாசிக்க வேண்டாம்."

மறுநாளே அவளைத் தேடி மலையேறுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பசறைவரை மோட்டார் பஸ். முதல் ஏற்றத்திலேயே அது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. முன்னால் புகை. ஓட்டுநர் இறங்கி எல்லோரையும் நடக்கச் சொன்னார். பருத்த உடம்புள்ள சிங்கள முதலாளி ஒருவர், "காசு கொடுத்தது உட்காரவா, தள்ளவா?" என்று கேட்டார். "தள்ளுகிறவர்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை மாத்தயா" என்று ஓட்டுநர் சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். நானும் ஒரு கை வைத்தேன். உபதேசியாராக இருந்த நாளில் இப்படி யாரோடும் சேர்ந்து எதையும் தள்ளியது எனக்கு நினைவில்லை.

பசறையிலிருந்து மாட்டுவண்டி. மழை பெய்து பாதை சேறாகிக் கிடந்தது. ஒரு வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்தது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு, "இனிமே காலுதாங்க வண்டி" என்றார். கொஞ்சதூரம் நடந்ததும் என் முழங்கால் மறுத்துவிட்டது. கல்லொன்றில் உட்கார்ந்தேன். மதியச் சோற்றுக்காகப் பாதையோரம் கூடியிருந்த கொழுந்துக்காரப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருங்க நீங்க? புது டாக்டரா?"

"கோட்டப் பாத்தா பொணத்துக்குப் பொட்டி செய்யிறவரு மாதிரி இருக்கு."

"சும்மா இருடி. தாத்தா, சோறு தின்னீங்களா?"

பழைய சோறும் கருவாட்டுச் சம்பலும் ஓர் இலையில் வந்தன. முன்பும் இந்த மலையில் இதே சோறு எனக்கு நீட்டப்பட்டிருக்கிறது. அப்போது வயிறு சரியில்லை என்று சொல்லி, என் அறைக்குப் போய்த் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. இவர்கள் கையால் சாப்பிட என் சாதி கூசியது. இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அன்று இலையை வழித்துச் சாப்பிட்டேன். உறைப்பில் கண் கலங்கியது. உறைப்புதான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒருவர் மாற்றி ஒருவராகக் கைத்தாங்கலாக ஒற்றைப்பாறை எல்லைவரை கொண்டுவந்து விட்டார்கள். அந்தத் தோட்டத்து இப்போதைய உபதேசியார், போதகரின் கடிதத்தைக் கண்டு, தோட்டத் துரையிடம் நான் தங்க முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்தார். அவர் வீட்டில் படுத்தேன்.

சனிக்கிழமை காலை ராகேலைப் பார்த்தேன்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் அறையைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்பார்கள். அவளுக்கு இப்போது அங்கேதான் வேலை. உத்தரத்திலிருந்து ஏழெட்டுச் சேலைத் தொட்டில்கள் தொங்கின. நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் இரண்டிரண்டு கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"பெரிய உபதேசியாருங்களா?"

"ஆமாம் ராகேல்."

"சும்மா நிக்காதீங்க. அந்தக் கயித்தப் புடிச்சு ஆட்டுங்க. அது இருக்கே, பொல்லாத கழுத. நிறுத்துனா லயமே கேக்கக் கத்தும்."

கயிற்றைப் பிடித்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "உன்னைத் தவறாக விலக்கினேன். மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றேன்.

அவள் ஆட்டுவதை நிறுத்தவில்லை. "அதுக்கா இம்புட்டுத் தூரம்? அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரியும்? மஞ்சத் தண்ணியக் கண்டீங்க, மாரியாத்தாளக் கண்டாப்புல ஆயிருச்சு. எனக்குக் கோவம் எல்லாம் இருந்துச்சுங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேன்னு. அப்பறம் யோசிச்சேன், தெரியாமச் செஞ்ச மனுசன். ஆண்டவரே சிலுவையில அதத்தான சொன்னாரு. தெனமும் செபத்துல உங்களச் சொல்லுவேன். ஆண்டவரே, தெரியாமச் செஞ்சாரு, மன்னிச்சுருங்கன்னு."

அத்தோடு நான் திரும்பி வந்திருக்கலாம். அவள் முகத்தில் பகை இல்லை. நான் வேண்டி வந்தது கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் முப்பது வருடமாக மன்னித்துக்கொண்டிருந்தது என்னை அல்ல. என்னைவிட நல்லவனான வேறொருவனை.

"தெரியும் ராகேல். பெயரை வாசித்த ஒரு மாதத்துக்குள்ளேயே வேலன் வந்து சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வருடம் இங்கேயேதான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நீ வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்."

கயிறுகள் நின்றன. முதலில் ஒரு குழந்தை அழுதது. பிறகு எல்லாம் அழுதன. அவள் எழுந்து ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிந்தேதான்."

குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னாள்: "எம் புருசன் சாவையில நற்கருண எடுத்தாரு. அவரு பக்கத்துல ஒக்காந்து நானும் எடுக்கணும்னு ஆசப்பட்டாரு. முடியல. உபதேசியாருக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சா இப்பிடி வச்சிருக்க மாட்டாருன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனிமே நான் செபத்துல உங்கள என்னத்தச் சொல்லிச் சொல்றது?"

என் கையிலிருந்த கயிற்றை மறுபடி ஆட்டத் தொடங்கினேன்.

"போங்க. புள்ளைகள அமத்தணும்."

போதகர் சொல்லியிருந்தபடி, நாளை சபையில் பேச அவள் சம்மதம் கேட்க வேண்டும். வாசலில் நின்றே கேட்டேன். "உங்க பாவத்த நீங்க சொல்றதுக்கு எங்கிட்ட என்ன கேள்வி?" என்றாள். பிறகு, "அந்தக் கோட்டு யாருது? உங்க உடம்புக்குத் தச்ச மாதிரி இல்லியே" என்று கேட்டாள். அப்புத்தளைக் கதையைச் சொன்னேன்.

"அவரு பேரு என்ன?"

"கேட்கவில்லை."

"அன்னைக்கும் ஒரு வார்த்த கேக்கல. இன்னைக்கும் கேக்கல" என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள்.

வெளியே, கையில் விறகுச் சுமையோடு ஒரு கிழவி நின்றிருந்தாள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. செல்லாயி. வேலன் இறந்து பல வருடமாகிவிட்டது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நான் போயிச் சொல்றேன்னு எத்தன தடவ நின்னேன். அம்மைய மறச்சதுக்கு உங்களத் தோட்டத்தவிட்டே வெரட்டிருவாங்கன்னு ராக்காயிதான் தடுத்துட்டா. பின்னால வந்த உபதேசியாரு ஒருத்தருகிட்டப் போயும் சொன்னேன். வேற சாமி கும்புடுறவ சாட்சி இதுல செல்லாதுன்னு அனுப்பிட்டாரு. நல்லாத்தான் கட்டிவச்சிருக்கீங்க உங்க சபைய" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. போதகர் குதிரையில் வந்து சேர்ந்தார். ஜெபவீட்டில் பாய்கள் புதியவை, ஆனால் அதே நீளத்தில் அதே இடத்தில் விரித்திருந்தார்கள். வாசலோரம் நான் ஒருத்தியைத்தான் எதிர்பார்த்தேன். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்லாயி இருந்தாள். கழுத்தில் தாயத்தோடு புதிதாகத் தோட்டத்துக்கு வந்த ஒரு தம்பதி. குடித்துச் சண்டை போட்டதற்காக விலக்கப்பட்ட ஒருவன். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவர்கள் எல்லோரும் முதலில் ராகேல் பக்கத்தில் வந்து உட்காருவார்களாம். அவள் நகர்ந்து இடம் கொடுத்து, பாட்டின் வரிகளை மெதுவாகச் சொல்லிக் கொடுப்பாளாம். இப்போது பாயில் இருப்பவர்களில் பலர் அந்த வாசலிலிருந்து வந்தவர்கள் என்று உபதேசியார் சொன்னார். நான் தண்டனைக்கென்று ஒதுக்கிய இடம் அது.

போதகர் என்னை அழைத்தார். முன்னால் போய் நின்று, எதையும் குறைக்காமல் சொன்னேன். மஞ்சள் தண்ணீர், வேலன், பள்ளிக்கூட உத்தியோகம், வயிற்றைக் காரணம் காட்டிய பொய், எல்லாம். பிறகு அந்தப் பழைய பதிவேட்டில் என் கையெழுத்தின் மேல் நானே கோடு போட்டேன். அதன் கீழே, "இவள் குற்றமற்றவள். வியாதிப்பட்ட அயலாளை விசாரித்தாள். குற்றம் எழுதினவனுடையது" என்று எழுதினேன். இம்முறை எழுத்து அழகாக வரவில்லை. நற்கருணைக்கு நான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் வெறுந்தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்களும் எங்க கூட்டமா?" என்றாள் செல்லாயி.

போதகர் ராகேலின் பெயரை வாசித்து, முன்னால் வரும்படி அழைத்தார். அவள் எழுந்தாள். பாயின் விளிம்புவரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். மறுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். மறுக்க அவளுக்கு உரிமை இருந்தது.

"போதகரையா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளம்மா."

"இந்தப் பாயச் சுருட்டச் சொல்லுங்க. நான் இதுல ஏறுனா, இவங்க எல்லாம் யாரு பக்கத்துல ஒக்காருவாங்க?"

போதகர் சபையைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்த ஒரு முதியவர் இருமினார். யாரும் அசையவில்லை. பிறகு முதல் பாயிலிருந்த ஒரு பெண், எனக்குத் தெரியாதவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் எழுந்தாள். பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்தினார்கள். எல்லோரும் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தபோது உள்ளே எது, வெளியே எது என்று பிரிக்கக் கோடு இல்லாமற்போயிற்று. இருமிய முதியவர்தான் கடைசியாக உட்கார்ந்தார். முழங்கால் வலிக்கிறது என்று முணுமுணுத்தார்.

ராகேல் போய் முழங்காற்படியிட்டு நற்கருணை வாங்கினாள். அவள் கை என்ன செய்தது, முகம் எப்படி இருந்தது என்று எழுத முடியவில்லை. எனக்கு முதுகுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது, தேயிலைக் காட்டில் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்குப் படங்கை மூலையிலிருந்து எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டாள். "இது காத்தடிக்கிற எடம். முப்பது வருசம் ஒக்காந்தவ சொல்றேன். அடியில போட்டுக்கிடுங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை புறப்படும்போது பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். கேட்காமலே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கறுப்புத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன்.

"என்னை மன்னித்துவிட்டாயா ராகேல்?"

"ராவெல்லாம் அதத்தான் யோசிச்சேன். தெரியாமச் செஞ்சவர மன்னிக்கிறது லேசா இருந்துச்சுங்க. இது கஷ்டமா இருக்கு. ஒருநாள்ல வரல." தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து ஒரு குழந்தையின் வாயைத் துடைத்தாள். "ஆனா ஒங்க பேரச் செபத்துலயிருந்து எடுக்க மாட்டேன். ஆண்டவரே, இந்த மனுசன் தெரிஞ்சேதான் செஞ்சாரு, வந்து சொன்னாருன்னு சொல்லிக்கிறேன். மிச்சத்த அவரு பாத்துக்கிடட்டும்."

வாசல்வரை வந்தாள். "அந்தக் கோட்டுக்காரரு பேரக் கேட்டு எழுதுங்க. அவரையும் சொல்லணும். பேரில்லாம எப்பிடிச் சொல்றது?"

புதன்கிழமை அப்புத்தளையில் ரயில் நின்றபோது, இம்முறை பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டே இறங்கினேன். மூடுபனி இல்லை. கீழ்நாடு முழுவதும் வெயிலில் தெரிந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதும் கையைத் தட்டினார். "மௌத்தாகல்ல! உசிரோடதான் இருக்கீங்க!" என்றார். கோட்டை மடித்துக் கொடுத்தேன்.

"உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும்."

"என்னத்துக்கு? போலீசுக்கா?"

"மடுல்சீமையில் ஒரு பெண் தன் ஜெபத்தில் உங்களைச் சொல்ல வேண்டுமாம். பெயரில்லாமல் முடியாது என்கிறாள்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு திரைப்பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தார்.

"அப்பிடின்னா என்ட பேரு மட்டும் எழுதினா பொய்யாப் போவும். கோட்டு குடுக்கச் சொன்னது ஊட்டுக்காரி. அவட பேர முதல்ல எழுதுங்க" என்றார்.

பென்சிலை எடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று ஒருமுறை திரும்பக் கேட்டேன்.